ஈடு

திங்கள்சந்தை தாண்டி, குளச்சல் ரோட்டுத் திருப்பத்தில்
ஷட்டர் பாதி இறங்கிய எங்கள் பட்டறையில்
லேத் நாலு நாளாகப் பிரிந்து கிடந்தது.
மண்ணெண்ணெய்த் தட்டில் பதினொரு பல்சக்கரம்.
சுவரோரம் லீட் ஸ்குரூ, சாக்கு போர்த்தி.

பால் ஸ்குரூ ராஜ்கோட்டிலிருந்து வந்தது.
மோட்டார் இரண்டும் கோயம்புத்தூர்.
பணம், கூட்டுறவு வங்கியில் அடகிருக்கும்
என் இரண்டு வளையல்.
வெளியே ஆனிச் சாரல்.
தடைக்காலம் முடிய இருபத்தொரு நாள்.
அதற்குள் ததேயுஸின் விசைப்படகுக்கு
ஷாஃப்ட் தருவதாகச் சொல்லி
முன்பணமும் வாங்கித் தின்றாயிற்று.

"இத எங்க வைக்க, அக்கா?"
ஜஸ்டஸ் கழற்றிய கைச்சக்கரத்தை நீட்டினான்.
"ஆக்கர்காரன் வருவான்."
"செரி."
அதற்குமேல் அவனிடம் ஒரு சொல் பிடுங்க
குறடு வேண்டும்.

கருங்கல் ஷாஜின் பெட்டிக்குள் தலைவிட்டு
ஒயருக்கு ஒயர் எண் ஒட்டினான்.
ஐந்தாம் நாள் உயிர் வந்தது.
முதல் காரியமாக அது வீடு தேடிற்று:
தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல்
கேரேஜ் பைய நகர்ந்து, நகர்ந்து,
கடைசி ஸ்விட்சில் முட்டி, டிக்,
அரை விரல் பின்வாங்கி
இதுதான் பூஜ்யம் என்று நின்றது.

அப்புறம் அளந்தோம்.
சென்டர்களுக்கு நடுவே டெஸ்ட் பார்.
டயல் கேஜ் முள்ளை ஷாஜின் படித்தான், நான் எழுதினேன்.
டெயில் ஸ்டாக் பக்கம் பூஜ்யம்.
ஓரடி. பூஜ்யம்.
இரண்டடி. இரண்டு.
சக் நெருங்க நெருங்க ஐந்து, எட்டு,
பதினொன்று.
மில்லியை நூறாக வகுத்தால் அதில் பதினொன்று.
தலைமுடிக் கனம்.
"படுக்கை இந்த எடத்துல குழிஞ்சு போச்சு" என்றான்.
"இதுல யாரு கடைஞ்சாலும்
ஒரு முனை தடிச்சுத்தான் வரும்.
தெய்வம் வந்து கடைஞ்சாலும்."

என் பென்சில் நின்றுவிட்டது.

ஒக்கிப் புயலுக்கு முந்தின வருடம்
குளச்சலிலிருந்து ஷாஃப்ட் திரும்பி வந்தது, மூன்று.
ஒரு முனையில் புஷ் ஏறவில்லை.
கைப்பிழை என்று எழுதி
ஜஸ்டஸ் சம்பளத்தில் பிடித்தேன்.
"லேத்துல என்னவோ இருக்கு, அக்கா" என்றான்.
ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்,
நான்தான் சொன்னேன், எல்லார் முன்னாலும்.
கூடம் கோணல்தான்.
பதினொரு பங்கு கோணல்.

"பயப்படாண்டாம்" என்றான் ஷாஜின்.
"தேய்ஞ்சது தேய்ஞ்சபடி கெடக்கட்டும்.
எந்த எடத்துல எவ்வளவுன்னு சொல்லிட்டா
மெஷின் அதுவே ஈடு கட்டிக்கிடும்."
திரையில் ஒரு பட்டியல் திறந்து
என் தாளைக் கேட்டான்.
ஒவ்வொரு எண்ணாக உள்ளே போயிற்று.
ஜஸ்டஸ் பின்னால் நின்று வாசித்தான்.
பதினொன்றில் உதடு லேசாக அசைந்தது.

மறுநாள் ததேயுஸின் கம்பி சக்கில் ஏறியது.
பாதி வெட்டில் கரண்ட் போயிற்று.
இருட்டில், சூடு ஆறும் சுருள்களின் வாசனை.
பழைய நோட்டைக் கரையான் தின்றிருந்தது;
நினைவிலிருந்து கணக்குப் போட்டு
கவரில் வைத்திருந்தேன். நீட்டினேன்.
இரவெல்லாம் அடுக்கிய வாக்கியம்
வாய்வரை வந்து ஏறவில்லை.

செல்போன் வெளிச்சத்தில் அவன் எண்ணினான்.
எழுநூறு ரூபாயைத் திருப்பித் தந்தான்.
"மூணாவது ஷாஃப்டுக்கு பாதிதான் பிடிச்சீங்க.
பிள்ளைக்கு சொகமில்லன்னு மிச்சத்த விட்டீங்க."
எனக்கு அது நினைவில்லை.
"வட்டி?" என்றேன்.
"ஒரு சாயா சொல்லுங்க."

கரண்ட் வந்தபோது மெஷினுக்கு எல்லாம் மறந்திருந்தது.
ஜஸ்டஸ் பொத்தானை அழுத்த
மறுபடி வீடு தேடிப் போனது,
பைய, ஸ்விட்சில் முட்டும்வரை.
பிறகு விட்ட இடத்தைப் பிடித்து வெட்டியது.

இரு முனையிலும் மைக்ரோமீட்டர் வைத்தான்.
முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு.
நடுவிலும் ஒருமுறை வைத்தான்.
துடைத்து, என் கையில் கொடுத்தான்.
"நீங்களும் பாருங்க அக்கா.
நாளைக்கு என்னையச் சொல்லப்பிடாது."